மினுமினுப்பு போன சேறு

“மண்ண வுட்டு எழுந்திரிக்கணும்னுதான்டி ஒன்னப் படிக்க வச்சோம். நீ என்னாடான்னா சேத்துல எறங்க ஆர்டர் வாங்கிக்கினு வந்து நிக்கிற. ஒரு மாசம் தாங்குவியா நீ?”

வேலைக் கடிதத்தை நான் படித்துக் காட்டி முடித்ததும் அம்மா கேட்டது இது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அம்மாவுக்கு அச்சு வேலை. பிளாஸ்டர் அச்சுகளில் களிமண் குழம்பை ஊற்றி, இறுகியதும் பொம்மையைப் பிரித்தெடுப்பாள். அப்பா அதே பட்டறையில் சூளை அடுக்குகிறார். இருவரும் கையெழுத்துப் போட மட்டும் கற்றவர்கள். நான் தாவரவியலில் முதுகலை. இதைச் சொல்லும்போது என் கழுத்து கொஞ்சம் நிமிரும். அதை நான் மறைப்பதில்லை.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலோர உப்பங்கழியில் அலையாத்திக் கன்றுகளை எண்ணும் வேலை. முதல் மாதம் சோதனை. தேறினால் உள்வாய்க்கால்களுக்குத் தனிப் பொறுப்பில் அனுப்புவார்கள். தேறாவிட்டால் ஆபீஸில் உட்கார்ந்து, மற்றவர்கள் எண்ணி வந்ததைக் கணினியில் ஏற்ற வேண்டும். உட்காருவது எனக்கு ஆகாது. சிதம்பரம் பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் பாதிவழியில் சேத்தியாத்தோப்பு தாண்டுவதற்குள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விடுவேன்.

மூன்றாவது வாரம் அது நடந்தது. இரண்டு பேர் உட்காரும் சின்னத் தோணி. கோல் ஊன்றி அதைத் தள்ளிய அக்கா இறால் பிடிப்பவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வாய்க்கால் குறுகிக்கொண்டே போனது. இருபுறமும் வேர்கள் மடக்கிய கால்கள்போல நீரில் ஊன்றியிருந்தன. கிளைகளுக்குத் தலை குனிந்து குனிந்து கழுத்து வலித்தது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன என்றுதான் மனம் ஓடியது. வரைபடத்தில் உள்ளே ஒரு திட்டு இருந்தது. அங்கே யாரும் எண்ணியதில்லை. அதை நான் எண்ணிவிட்டால் என்னை யார் ஆபீஸில் உட்காரவைக்க முடியும்?

“இன்னும் கொஞ்சம் உள்ள போலாம்க்கா.”

“தண்ணி வத்துற நேரம். உள்ள மாட்டிக்கினா திரும்ப ஏறுனாதான் வரமுடியும். சாயங்காலம் ஆயிடும்.”

“ஆவட்டும்க்கா.”

திட்டை அடைந்தோம். அதன் ஓரத்துச் சேறு சில இடங்களில் ஈரமாய் மின்னியது. ஓரிடத்தில் மட்டும் மங்கி, சாம்பல் நிறத்தில் கிடந்தது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். அச்சில் ஊற்றிய களிமண்ணின் மினுமினுப்பு போய்விட்டால் மண் இறுகிவிட்டது, கை வைக்கலாம் என்று அர்த்தம். அந்தச் சாம்பல் இடத்தைப் பார்த்துக் காலைத் தூக்கினேன்.

“எறங்காத! கோல வுட்டுப் பாக்குறேன்.”

“கெட்டி மண்ணுக்கா. மண்ணு எனக்குத் தெரியும்.”

வலது கால் தொடைவரை இறங்கியது. அதை இழுக்க இடது காலை ஊன்றினேன். அதுவும் போயிற்று.

அக்கா கோலை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். “ஆபீசரம்மா தன்னையே நட்டுக்கினாங்க! இந்தக் கன்னையும் சேத்து எண்ணிக்கங்க.”

உதவிக்குக் கூப்பிடக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். காலை ஆட்ட ஆட்ட இன்னும் இறங்கியது. அக்காவின் சிரிப்பு நின்றது. தோணிக்குள் கால்வைக்கப் போட்டிருந்த பலகை ஒன்றை எடுத்து என் முன்னால் எறிந்தார்.

“அதும் மேல குப்புறப் படு. நின்னா முழுங்கும், படுத்தா தாங்கும்.”

படுத்தேன். நெஞ்சு பலகையில் அழுந்த, ஒவ்வொரு காலாக உருவினேன். ஒரு ஷூ அங்கேயே தங்கிவிட்டது. அதற்குள் தண்ணீர் இறங்கி, தோணி சேற்றில் உட்கார்ந்திருந்தது. அக்கா துண்டால் முகத்தை மூடிப் படுத்துவிட்டார். எனக்கு அரைமணி நேரம்கூட இருப்புக் கொள்ளவில்லை. பலகையை மறுபடி எடுத்தேன். அதன்மேல் படுத்து, காலால் உந்தி, திட்டு முழுவதும் ஊர்ந்து ஊர்ந்து எண்ணினேன்.

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “மொதல மாரியே போற. பாத்து, வாலு மொளச்சிடப் போவுது.”

எண்ணி முடித்துப் படிவத்தை நிரப்பினேன். ‘சேற்றின் ஆழம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. குச்சியால் அளந்து ‘முழங்கால்’ என்று எழுதுவதுதான் எல்லாருக்கும் வழக்கம். நானும் அப்படியே எழுதியிருந்தால் நான் புதைந்தது யாருக்கும் தெரியாது. நான் அளந்த அளவு எனக்குத் தெரியும். ‘தொடை வரை’ என்று எழுதினேன்.

சாயங்காலம் தண்ணீர் ஏறிய பிறகுதான் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் பேண்ட்டில் ஒட்டியிருந்த சேற்றைக் கிள்ளி விரல்களுக்கிடையில் தேய்த்தாள்.

“நைசா இருக்குது. என்னாத்தப் பாத்துக் கால வச்ச?”

“மினுமினுப்புப் போயிருந்துச்சு.”

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அச்சு தண்ணிய உறிஞ்சும், அதனால மண்ணு இறுவும். அங்க கீழ என்னா பிளாஸ்டர் அச்சா வச்சிருக்குது? காத்துல மேல்தோலு காஞ்சிருக்கும், அவ்ளோதான். எம்மெஸ்ஸி படிச்சவளாம்.”

அச்சு மண்ணை நான் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு அது ஏன் இறுகுகிறது என்று தெரிந்திருந்தது.

மறுநாள் காலை அதிகாரி படிவத்தைப் பார்த்தார். “தொடை வரைன்னா? யாரு தொடை?”

“என்னோடது சார்.”

அவர் சிரிக்கவில்லை. “நீச்சல் தெரியுமா?”

“தெரியாது சார்.” வேலையில் சேரும்போது யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“யாருமே போகாத எடத்த எண்ணிட்டு வந்திருக்கீங்க, நல்ல வேலைதான். ஆனா நீச்சல் தெரியாதவங்கள தண்ணிக்கு அனுப்ப மாட்டேன்மா. நாளையிலேர்ந்து ஆபீஸ்.”

“எதுவரைக்கும் சார்?”

“நீந்திக் காட்டுற வரைக்கும்.”

இரண்டு நாள் கணினி முன்னால் உட்கார்ந்தேன். மற்றவர்கள் போய்வந்த வாய்க்கால்களை எண்களாக ஏற்றினேன். மேசைக்கடியில் கால்கள் தாமாக ஆடிக்கொண்டே இருந்தன. மூன்றாம் நாள் ஞாயிறு. எங்கள் ஊருக்குப் பக்கத்து நல்லூரில் என்னோடு பள்ளியில் படித்த தோழியின் வீட்டு வயலில் படிக்கட்டு வைத்த கிணறு இருக்கிறது. இடுப்பில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அவள் மேல்படியில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் ஆபீஸுக்கு முன்னால் முதல் பஸ்ஸில் நல்லூர் போய் வருகிறேன். மூக்கில் தண்ணீர் ஏறி, கண் சிவந்துதான் படிவங்களை ஏற்றுகிறேன்.

இன்று காலை கேனை அவிழ்த்துப் படியில் வைத்தேன்.

“அடியே, கயிறாச்சும் இருக்கட்டும்டி,” என்று மேல்படியிலிருந்து தோழி கத்தினாள்.

அதையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு, தண்ணீரில் இறங்கி, எதிர்ச் சுவரைப் பார்த்து, பின்னாலிருந்த சுவரைக் காலால் உந்தினேன்.