மிஷின்காரம்மா

நடவு மிஷின் மலர்க்கொடி பெயரில் வந்ததற்கு ஒரே காரணம், பெண்கள் பெயரில் எழுதினால் மானியம் கூட. எழுதச் சொன்னவன் அவள் புருஷன் இளம்பரிதிதான். பெயர் அவளுடையது என்பதால் ஆறு நாள் பயிற்சிக்கும் அவளே போக வேண்டியதாயிற்று. வினை அங்கேதான் ஆரம்பித்தது. அவள் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள்.

முதல் குறுவையில் அவன் நாற்றுத் தட்டு தூக்கிக் கொடுக்க, அவள் ஓட்டினாள். பத்து வருஷம் சேற்றில் குனிந்து நட்ட இடுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த வருஷம் மன்னார்குடியைச் சுற்றி எட்டு ஊரிலிருந்து போன் வந்தது. எல்லாம் ஆம்பளைக் குரல். "மிஷின்காரம்மாதானே? நாளைக்கு வர முடியுமா?" பேசி முடித்ததும் யாரென்று கேட்பான் இளம்பரிதி. பிறகு கேட்பதை விட்டுவிட்டு, போனைப் பிடுங்கிப் பார்க்க ஆரம்பித்தான்.

சிங்காரவேலு வயலில்தான் அது வெடித்தது. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சிங்காரவேலுவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கோடு போட்ட நோட்டு மாதிரில்ல இருக்கு! பரிதி, நீ சும்மாத்தானே நிக்கிற, எல்லாருக்கும் டீ வாங்கியா. ஓனரம்மாவுக்கு சர்க்கரை தூக்கலா!"

வரப்பே சிரித்தது. மலர்க்கொடி சிரிக்கவில்லை. அப்படியும் சாயங்காலம் அடி விழுந்தது. சாவியை அவன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான்.

"பாக்கி வயல நான் ஓட்டிக்கிறேன். நீ வூட்ல கெட."

மாமியார் காத்தாயி கன்னத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டாள். மலர்க்கொடிக்கு அவள் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. "நாலு ஆம்பளைக்கு முன்னாடி ஒசரத்துல ஒக்காந்து போனா எந்தப் புருசன்டி பொறுப்பான்? நாங்கல்லாம் குனிஞ்சே காலத்த ஓட்டலியா?"

அப்பாவுக்குப் போன் செய்தாள். "மிஷின் எம் பேர்லதாம்ப்பா இருக்கு. சாவிய மட்டும் வாங்கிக் குடுங்க."

அவர் இருமினார். "வேத்து வூட்டு மாப்ளையா இருந்தா ரெண்டு வார்த்த கேப்பேன். இவன் நான் தூக்கி வளத்த அக்கா மவன்மா. நீதான் அனுசரிச்சுப் போவணும்."

உரிமைப் பெண், வெளியில் கொடுத்தால் கஷ்டப்படுவாள் என்றுதான் சொந்தத்தில் கொடுத்தார்கள். கோபித்துக்கொண்டு போக அவளுக்கு இன்னொரு வீடில்லை. இரண்டும் ஒரே வீடுதான்.

மறுநாள் இளம்பரிதி ஓட்டினான். வரிசை கோணிக்கொண்டு போனது. திருப்புகிற இடமெல்லாம் மொட்டையாக விட்டுப்போனது. "அந்தப் பொண்ணக் கூப்புடுப்பா," என்றார் சிங்காரவேலு. கூப்பிட்டான்.

மலர்க்கொடி கொண்டையை முடிந்துகொண்டே ஓடினாள். வரப்பில் ஏறியதும் சாவிக்குக் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையில் ஒரு கத்தை நாற்றை வைத்தான்.

"விட்டுப்போன எடத்தப் பூரா கையால நட்டுடு."

அவள் இறங்கிக் குனிந்தாள். குனிந்ததும் கன்னத்து வீக்கம் விண்ணென்று தெறித்தது. மிஷின் அவளைத் தாண்டிப் போகும்போது முதுகில் சேறு அடித்தது.

"கை நடவுலயும் ஒம் பொண்டாட்டி சுத்தம்தாம்ப்பா," என்றார் சிங்காரவேலு.

இளம்பரிதி அன்றுதான் சிரித்தான். மிஷினை நிறுத்திவிட்டுத் தானே போய் அவளுக்கு டீ வாங்கி வந்தான். "குடி, ஆறிடப் போவுது," என்றான். குரலில் அத்தனை பிரியம்.

சர்க்கரை தூக்கலாக இருந்தது. நின்றபடியே குடித்தாள். இன்னும் ஒன்றரை ஏக்கர் கிடந்தது.