சம்பந்தியார் எடுத்த கை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தும் கோணல், ஞாபகமும் மங்கல். பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பந்தியார் செத்த முப்பத்தோராம் நாளுக்கு எங்கள் முறைப்படி நினைவு மலர்ப் புத்தகம் அச்சடிக்கும் மகள் எனக்கும் ஒரு பக்கம் தந்தாள்.

மகளின் மாமனாரான சம்பந்தியார் சீனாவில் ஓர் ஆற்றங்கரை நகரில் படகோட்டியின் மகனாகப் பிறந்தவர். படமாளிகையில் கதிரை துடைத்து, கமரா தூக்கி, இயக்குநரானவர். ஐந்து படமோ ஆறோ எடுத்தார். இரண்டை அங்கே வெளியிட விடவில்லையாம். மனைவியை இழந்தபின் இங்கே லின்ஃபீல்டுக்கு, என் மகளைக் கட்டிய மகன் வீட்டுக்கு வந்தார். கோபப்பட்டு நான் கண்டதில்லை. அவருக்குத் தெரிந்த தமிழ், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்" மட்டும்.

ஒருநாள் மகள் வந்து கேட்டாள்.

"அம்மா, நீங்கள் இடியப்பம் பிழியிறதை மாமா படம் எடுக்கட்டாமோ?"

"முகத்தை எடுத்தா கமராவை அவிச்சுப்போடுவன் எண்டு சொல்லு. கையை எடுக்கட்டும்."

அவர் சிரித்து, "ஓம், ஓம்" என்றார். மூன்று நாள் என் குசினியில் தனியே நின்று எடுத்தார். அதுதான் அவருடைய கடைசிப் படம்.

எடுத்த படத்தைக் கணினியில் வெட்டி ஒட்ட ஓர் ஆள் வந்தார். சம்பந்தியார் நோயில் விழுந்ததும் அந்த ஆள் படத்தைத் தன் பெயரில் முடித்துவிட்டார். கிளென்ஃபீல்டில் ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். இயக்கம் என்று அந்த ஆளின் பெயர் வந்தது. சக்கர நாற்காலியில் இருந்த சம்பந்தியார் திரையைக் காட்டினார், என் கையைக் காட்டினார், "ஓம்" என்றார்.

செத்தவீட்டுக்கும் அந்த ஆள் வந்தார். ஏதோ சொன்னார். மகள் என் காதில் சொன்னாள்:

"மாமா தனக்கு உதவிக்கு நிண்டவராம், அம்மா."

கூச்சத்தில் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். அந்தத் தேத்தண்ணீர் இன்னும் என் நெஞ்சைச் சுடுகிறது.

செத்தவீட்டில் பகை பேசக்கூடாது என்பார்கள். நான் பேசவில்லை, எழுதுகிறேன். அந்த ஆள் முப்பத்தொன்றுக்கும் வருகிறாராம். வரட்டும். முதல் மலரை அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தை மகள் ஆங்கிலத்திலும் எழுதி உள்ளே வைக்கட்டும். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கும்போது அவரும் நடுவில் இருந்து வாசிக்கட்டும்.

சம்பந்தியாரைப் பராமரித்த தாதியருக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும் நன்றி. அந்த ஆளுக்கு இல்லை.

ஊர், படங்களின் எண்ணிக்கை பிழையானால் மருமகன் பார்த்துத் திருத்தட்டும். அந்த ஆளைப் பற்றியதில் ஓர் எழுத்தும் தொட வேண்டாம். சந்தேகமுள்ளவர்கள் படத்தில் வரும் கையைப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள். வலது மணிக்கட்டில் சுடுதண்ணீர்த் தழும்பு இருக்கிறது. அந்த ஆள் எந்தக் குசினியில் நின்று எடுத்தார் என்று அப்போது கேளுங்கள்.