தம்பி விசாரித்த மாப்பிள்ளை

ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பி சர்ச்சுக்குப் போவதை விட்டு வெகுகாலமாகிறது. அவன் மகளுக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் மாப்பிள்ளை முடிவான மறுநாள், தருமபுரியில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே என்னைச் சீண்டினான்.

"ஏக்கா, இயேசுவோட கல்லறையில ஒரு தூதன் இருந்தான்னு பைபிள்ல ஒருத்தர் எழுதறாரு. இன்னொருத்தர் ரெண்டு பேருங்கறாரு. இத எப்படி நம்பறது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பதில் அவனிடமே இருந்தது. பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் டீக்கடை, பக்கத்து வீடு என்று தனித்தனியாக விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதலில் வந்த வரனைத் தட்டிக்கழித்தவனே இவன்தான். கேட்ட இடமெல்லாம் "தங்கமான பையன்" என்று ஒரே மாதிரி சொன்னார்களாம். சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று திரும்பி வந்துவிட்டான்.

"இந்தப் பையன மட்டும் எப்படிடா நம்பின?" என்று கேட்டேன்.

"ஆளுக்கொரு மாதிரி சொன்னாங்க, ஆனா நல்ல பையன்ங்கறதுல எல்லாரும் ஒத்துப்போனாங்க. அவங்க சித்தப்பாவே, பையனுக்குக் கோவம் கொஞ்சம் ஜாஸ்தின்னாரு."

"தூதன் ஒண்ணா ரெண்டாங்கறதும் அப்படித்தான், கல்லறை காலியா இருந்துச்சுங்கறதுல எல்லாரும் ஒத்துப்போறாங்க. சீடருங்க இயேசுவ விட்டுட்டு ஓடிப்போனத அவங்க ஆளுங்களேதான்டா எழுதி வெச்சிருக்காங்க. பொண்ணக் குடுக்க அது போதும், இத நம்பப் போதாதா?"

"அதுக்காக எல்லாத்தையும் அப்படியே நம்பணுமா?"

"யாரு சொன்னா? மாப்பிள்ளை ஊருக்கு நீயே நேர்ல போன இல்ல? இங்கயும் போயி விசாரிச்சுட்டு வா."

என் பைபிளை எடுத்து அவன் பையில் வைத்தேன். முனகினான். ஆனால் வெளியே எடுக்கவில்லை.