கடித்துப் பார்த்த பூதம்

அன்று செம்மண்டலத்தில் என் அறையில் இருந்தது நான், என் மச்சான், சிதம்பரத்திலிருந்து பொம்மை வாங்க வந்த ஒருவர், மூன்றே பேர்தான்.

விரலளவு வீரர்களை மேசையில் நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடும் பழைய சீமை விளையாட்டு எங்களுடையது. என் படையில் பாதி, வீரர்களுக்குப் பதிலாக வைத்த சோடா மூடிகள். பாண்டிச்சேரி பழைய சாமான் கடையில் கிடைத்த ஈயப் பூதம் ஒன்றுதான் அசல். அதை முந்நூறுக்கு விற்றால் பிளாஸ்டிக் படையே வாங்கலாம்.

வந்தவருக்குப் பாக்குக் கறைப் பல், நகமெல்லாம் பச்சைப் பெயிண்ட். பூதத்தைக் கையில் வாங்கியதும் கடித்தார்.

"அசல் ஈயம்னா பல்லு பதியும் தம்பி."

எச்சில் ஒழுக, வாயிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பூதத்தின் காது. அதை மேசை ஓரத்தில் போட்டுவிட்டு நான் கையைத் துடைத்தேன்.

"அண்ணே, ஈயம் வெஷம். வாயக் கொப்பளிங்க."

"இருவது வருஷமா கடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"அதான் பாக்குறோமே," என்றான் மச்சான்.

அவர் கொஞ்சமும் கூசவில்லை. "காது போன பூதம். பாதி வெலதான் தருவேன்."

அந்த எச்சில் பொம்மையைத் திரும்பத் தொட மனமில்லாமல் நூற்றைம்பதுக்குச் சம்மதித்தேன். எண்பது கொடுத்துப் பூதத்தை எடுத்துக்கொண்டார், மீதி அடுத்த வாரம் என்றார். வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஈயம் உள்ளே போய் அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று இன்றும் பயம் வருகிறது. பாக்கி எழுபது ரூபாய்.