வளையம் போன தாலர்

"கெட்டுப்போனது ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டபடியேதான் ஓட்மார் என் மேசைக்கு வருவார். மாதத்தின் முதல் ஞாயிறு, எங்கள் மலையடி ஊரான கோஸ்லாரில் பழங்காசுச் சந்தை. மற்றவர்கள் பழுதில்லாத வெள்ளிக்கு முண்டியடிக்க, இவர் மட்டும் நான் கழித்துப் போட்ட காசுகள் கிடக்கும் தகர டப்பாவைக் கிளறுவார்.

அறுபத்தெட்டு வயது. காலமெல்லாம் கூரை வேய்ந்த கை, விரல் நுனியெல்லாம் காய்ப்பு. அந்த விரலால் காசின் விளிம்பைச் சுற்றித் தடவுவார். பூதக்கண்ணாடியை நீட்டினால், "அது படிச்சவங்களுக்கும்மா" என்பார். கோட்டுப் பையில் ரொட்டியும் எங்கள் மலைப் பாலாடைக்கட்டியும் இருக்கும். அந்த வாடைக்குப் பயந்தே பக்கத்து மேசைக்கு ஆள் வருவதில்லை.

அவர் தேடுவது ஒரே ஒரு தாலர், பழைய பெரிய வெள்ளிக்காசு. பிரவுன்ஷ்வைக் சிற்றரசர்கள் நானூறு வருடம் முன்பு அடித்தது. மரத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டு நிற்கும் தாடிக்காரக் காட்டு மனிதன் அதில் இருப்பான். அவர் மனைவி ஆல்முட்டுக்கு ஞானஸ்நானத்தன்று ஞானத்தகப்பன் கொடுத்தது. வளையம் பற்றவைத்து, கல்யாணம் திருவிழாவென்றால் கழுத்தில் போட்டுக்கொள்வார் ஆல்முட். ஓட்மாருக்கோ அப்போது காசு சேர்க்கும் பைத்தியம். வளையம் வைத்த காசு எங்கள் கூட்டத்துக்கு ஊனம். மனைவி ஊரில் இல்லாத ஒரு வாரம், வளையத்தை அறுத்து, அரத்தால் ராவி, தன் வெல்வெட் தட்டில் வைத்துவிட்டார். அரம் வழுக்கி, மரத்தின் உச்சியில் ஒரு கீறல் வேறு.

"வந்து தட்டைப் பார்த்தா. 'இது இப்ப உங்க காசு, என்னுது இல்ல'ன்னா. அவ்வளவுதாம்மா."

அந்தத் தாலரை யாருக்கோ விற்றுவிட்டு, ஹில்டஸ்ஹைமில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் ஆல்முட். பதினொரு வருடமாகிறது. அறுத்த வளையம் ஓட்மாரின் தீப்பெட்டியில் இருக்கிறது.

"இதுக்கு வேற பொண்டாட்டி தேடியிருந்தா எப்பவோ கிடைச்சிருப்பா" என்று ஒருமுறை சீண்டினேன்.

"எனக்குப் பழசுதாம்மா வேணும்."

போன ஞாயிறு, மொத்தமாக வாங்கி நான் பார்க்காமலே கொட்டியிருந்த டப்பாவைக் கிளறிய கை நின்றது. காட்டு மனிதன். மரத்தின் உச்சியில் கீறல். ஓட்மார் தீப்பெட்டியைத் திறந்து வளையத்தை விளிம்பில் வைத்தார். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

"இப்பவே ரயில் ஏறுங்க" என்றேன்.

"ஏறிடுவேன். அவ கதவைத் திறக்கணுமே."

ஓட்மார் எழுந்து ஒரு கையால் கோட்டுப் பொத்தானைப் போடப் பார்த்தார். துளை அகப்படவேயில்லை. மறு கையின் இரண்டு விரல்கள், வளையத்தையும் காசையும் சேர்த்துப் பிடித்தபடியே இருந்தன.