‘சரிங்க’ என்றால் பறக்க முடியாது

1. மூன்றாவது தடவை

“மேடம், உங்க ஆளு இன்னைக்கும் டவருக்கு ‘சரிங்க சார்’னு சொல்லிட்டாரு.”

விமானப் பயிற்சிப் பள்ளியின் பயிற்றுநர் போனில் இதைச் சொன்னபோது, விருத்தாசலத்தில் என் வீட்டு அடுப்படியில் தோசை மாவு கரைத்துக் கொண்டிருந்தேன். கரண்டியை அப்படியே மாவுக்குள் போட்டுவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது எங்காவது போய் விழும்.

நான் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடம் டவரில் உட்கார்ந்து விமானங்களோடு ரேடியோவில் பேசினேன். இப்போது, சொந்த ஆசைக்காக விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கு ரேடியோவில் பேச மட்டும் சொல்லித் தருகிறேன். அப்படி வந்தவர்தான் தண்டபாணி. வயது நாற்பத்தொன்பது. செராமிக் எஸ்டேட்டில் பொம்மை, அகல்விளக்கு, ஃபியூஸ் கட்டை செய்யும் யூனிட்டின் முதலாளி. சனி, ஞாயிறு வந்தால் கார் எடுத்துக்கொண்டு பயிற்சிப் பள்ளிக்குப் போய்விடுவார்.

விமானத்தை நன்றாகவே ஓட்டினார். ஆனாலும் பயிற்றுநர் இல்லாமல் தனியாக ஒரு சுற்றுப் பறக்கும் நாள், அதாவது சோலோ, மூன்று தடவை தள்ளிப்போய்விட்டது. காரணம் அவருடைய வாய்.

டவர் ஒரு கட்டளை கொடுத்தால் பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கு ரீட்பேக் என்று பெயர். ‘ஹோல்ட் பொசிஷன்’ என்றால் நின்ற இடத்திலேயே நில் என்று அர்த்தம். பதிலும் ‘ஹோல்டிங் பொசிஷன்’ என்றே வர வேண்டும். வெறும் ‘சரி’ செல்லாது. அடுத்த தடவையும் இப்படியே என்றால் பயிற்சியை நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிடுவோம் என்றார் பயிற்றுநர்.

2. முதுகில் விழுந்த அடி

அன்று சாயங்காலம் தண்டபாணி முகம் வாடி வந்து உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஏன் ரீட்பேக் வாயில் வரமாட்டேன் என்கிறது என்று கேட்டேன். டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“பெரியவங்க சொன்னத அப்புடியே திருப்பிச் சொன்னா பழிப்பு காட்டற மாதிரி இருக்குதுங்க மேடம். சின்ன வயசுல இதுக்குன்னே எங்கப்பாகிட்ட முதுகுல வாங்கியிருக்கேன். டவர்ல இருக்கறவரு ஆபீசருங்க. அவரு சொன்னத அவருக்கே எப்புடிங்க சொல்றது?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். மரியாதை தடுக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் நானும் இதே ஊர்க்காரிதானே! அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. நாளைக்கு யூனிட்டுக்கே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

3. சகாயமேரி டவர்

யூனிட்டில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கும் பெண்கள் ஏழு பேர். அவர்களில் சகாயமேரி பத்து வருடமாக அங்கே வேலை பார்ப்பவர், வாயாடி. ஏழு பேருக்கும் ரீட்பேக் என்றால் என்ன என்று விளக்கினேன். நாலைந்து கட்டளைகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். காயவைத்த பொம்மைத் தட்டுகளுக்கு நடுவே இருந்த நடைபாதைதான் ரன்வே. முதலாளி விமானம். சகாயமேரி டவர்.

சகாயமேரி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“பத்து வருசமா நீங்க சொன்னத நான் கேட்டேன் மொதலாளி. இப்ப நான் சொல்றத நீங்க திருப்பிச் சொல்லுங்க. ஹோல்ட் பொசிஷன்.”

தண்டபாணி பழக்கதோஷத்தில் ‘சரிம்மா’ என்றார். ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியபோது, ‘ஹோல்டிங் பொசிஷன்’ என்று தானாக வந்தது.

அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். அவர் ‘விளக்கு அம்பது, சூளைக்கு’ என்றால் ‘விளக்கு அம்பது, சூளைக்கு’ என்று பதில் வரும். டீ வாங்கப் போகிறவர்கூட எத்தனை டீ என்பதை ரீட்பேக் செய்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார். அந்த வாரம் மாதிரி நான் சிரித்து வருடக்கணக்காகிறது.

4. ரன்வே ஜீரோ சிக்ஸ்

ஞாயிற்றுக்கிழமை ஏழு பெண்களும் வேன் பிடித்து பயிற்சிப் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். பயிற்றுநரின் அறையில் ரேடியோ ஓடிக் கொண்டிருந்தது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் ஜன்னலோரம் நின்றார்கள். தண்டபாணியின் விமானம் ரன்வேக்கு வெளியே காத்து நின்றது. உள்ளே அவர் ஒருவர்தான்.

டவரில் ஓர் இளைஞர். “லைன் அப், ரன்வே ஜீரோ சிக்ஸ்” என்றார். அதாவது ஜீரோ சிக்ஸ் என்ற எண் கொண்ட ரன்வேக்குள் போய் நில்.

தண்டபாணி திணறாமல், “லைனிங் அப், ரன்வே ஜீரோ சிக்ஸ்” என்றார். நான் மேசையைத் தட்டினேன்.

அடுத்த நொடியே டவரின் குரல் மாறியது. “நெகட்டிவ், நெகட்டிவ். ஹோல்ட் பொசிஷன்.” நெகட்டிவ் என்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

“ஹோல்டிங் பொசிஷன்” என்றார் தண்டபாணி.

ஜன்னல் வழியே பார்த்தேன். இன்னொரு விமானம் தரையிறங்க வந்துகொண்டிருந்தது. அந்த இளைஞர் நில் என்று சொல்ல நினைத்து, உள்ளே போ என்று சொல்லியிருக்கிறார். தன் வார்த்தை தண்டபாணியின் வாயிலிருந்து திரும்பி வந்தபோதுதான் அவருக்கே அது காதில் விழுந்திருக்கிறது. ‘சரிங்க சார்’ என்று மட்டும் பதில் போயிருந்தால்?

வந்த விமானம் இறங்கி ஒதுங்கியது. டவர் தமிழில், “ரொம்ப நன்றிங்க” என்றது. ரேடியோவில் அப்படிப் பேசுவது முறையில்லை. நான் பணியில் இருந்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

பிறகு தண்டபாணி கிளம்பினார், ஒரு சுற்றுச் சுற்றினார், பூப்போல இறக்கினார். சகாயமேரி அடித்த விசிலில் பயிற்றுநர் காதைப் பொத்திக்கொண்டார்.

இறங்கி வந்தவர் முதலில் கேட்டது சோலோவைப் பற்றி அல்ல.

“மேடம், அந்த டவர் சாருக்கு மனசு சங்கடமாயிருக்குமோ?”

“சங்கடமா? இன்னைக்கு ராத்திரி அவரு நிம்மதியா தூங்குவாரு. நீங்க குடுத்த தூக்கம்.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பைலட் சரியாகக் கேட்டாரா என்று சோதிக்கத்தான் ரீட்பேக் என்று முப்பது வருடமாக நினைத்திருந்தேன். நான் சரியாகச் சொன்னேனா என்று பார்ப்பதற்கும் அதுதான். என் வாய் பிசகிய நாட்களும் உண்டு. முகம் தெரியாத எத்தனையோ பைலட்டுகள் என் வார்த்தையை எனக்கே திருப்பிச் சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட நான் நன்றி சொன்னதில்லை.