வாணியிடம் நான் கேட்காத கேள்வி

செய்தி வந்தபோது மாவு மில் வாசலில் நின்றிருந்தேன். நம் நர்சுகளின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: ‘வாணி சிஸ்டர் நம்மை விட்டுப் பிரிந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலையில் அடி.’ அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வழுக்கி விழுந்தாளாம்! இத்தனை வருஷம் எமர்ஜென்சி வார்டில் குப்பை கொட்டிய நமக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாதா? “அடிப்பாவி, என்கிட்டகூட சொல்லலியேடி” என்று வாய்விட்டே கத்தினேன். மில்காரர் திரும்பிப் பார்த்தார்.

வாணியும் நானும் நர்சிங்கில் ஒரே பேட்ச். அவளோடு வேலை செய்த உங்களுக்கெல்லாம் அவள் தந்திரம் தெரியும். அடிபட்ட பெண்ணோடு புருஷன் வந்தால், “அண்ணே, அந்தக் கவுன்டர்ல ஒரு சீல் வாங்கினு வாங்க” என்று சீட்டைக் கொடுத்து அனுப்புவாள். அங்கே போடுவதற்கு எந்தச் சீலும் கிடையாது. கவுன்டரில் இருந்தவருக்கும் அது தெரியும்; ஆளைப் பத்து நிமிஷம் நிறுத்தி வைப்பார். அதற்குள் இவள் அந்தப் பெண்ணிடம் குனிந்து, எப்படி விழுந்தாய் என்று கேட்கமாட்டாள். “யாரும்மா அடிச்சது?” என்பாள்.

தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா, கூடை இடித்துப் பல் போய்விட்டது என்று சாதித்தார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். வாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பறக்காதடி சரோ. நாம சும்மா இருந்தா அவங்களே பேசுவாங்க.” பேசினார். புருஷனும் மச்சானும் சேர்ந்து அடித்ததை ஒன்று விடாமல் சொன்னார். அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறியது, கேஸ் நடந்தது. அந்த அம்மா இப்போது தனியாக வீடு எடுத்துப் பிள்ளைகளோடு இருக்கிறார்.

போன வருஷம் ஒரு மதியம் வாணியே நோயாளியாக வந்தாள். இடது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. கூடவே அவள் கணவர். மேட்டுப்பாளையம் கம்பெனியில் சூப்பர்வைசர், தீபாவளிக்கு நமக்கெல்லாம் ஸ்வீட் பெட்டி கொண்டுவந்து கொடுக்கிற அண்ணன். “கிச்சன்ல எண்ண கொட்டிக் கெடந்துது சிஸ்டர், வழுக்கிட்டா” என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். நான் அவரை எந்தக் கவுன்டருக்கும் அனுப்பவில்லை. நம்ம அண்ணனைப் போய் எப்படி அனுப்புவது? நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ சொன்னேன். ‘சமையலறையில் வழுக்கி விழுந்ததால்’ என்று பதிவேட்டில் என் கையால் எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். வாணி, “உனக்கு டைம் இருக்குதாடி?” என்று மட்டும் கேட்டாள். “கூட்டம் நெரியுது, நீ போய் எக்ஸ்ரே எடு” என்றேன்.

சாவு வீட்டில் அவள் மகள் யாழினி என்னை மாடிக்கு இழுத்துப் போனாள். “அப்பா அடிப்பாரு சித்தி. ட்யூட்டி முடிஞ்சி அரை மணி லேட்டானா போதும், எவன்கூட நின்னு பேசினு இருந்தன்னு கேட்டு அடிப்பாரு. அம்மா இன்சார்ஜ் ஆனப்புறம் ரொம்ப ஜாஸ்தி. வெளில சொல்லும்மான்னா, ஊருக்கெல்லாம் கேஸ் எழுதறவ வீட்டுல அடி வாங்குறாளான்னு சிரிப்பாங்கடின்னுவாங்க.”

ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள் நாங்கள். என் பிரசவத்துக்கு அவள்தான் பக்கத்தில் நின்றாள். “இவ்ளோ நாளா என்னை ஏமாத்திக்கினே இருந்திருக்கா. உங்கம்மா என்னை நம்பலியேடி!” என்று தாயைப் பறிகொடுத்த அந்தப் பிள்ளையிடம் போய்க் கத்தினேன்.

யாழினி கத்தவில்லை. “நம்பனாங்க சித்தி. கை ஒடஞ்சது காலைல. உங்களுக்கு மத்தியான ட்யூட்டின்னு அதுவரைக்கும் வலியோட வீட்டுலயே உக்காந்திருந்தாங்க. என் வாயால சொல்ல வராது, சரோ கேப்பான்னாங்க.”

யாழினி தன் அப்பாமேல் போலீசில் புகார் கொடுத்திருக்கிறாள். அவர் காட்டுவது என் எழுத்தைத்தான். முன்பும் ஒரு முறை இவள் வழுக்கி விழுந்தாள், அவள் சினேகிதியே எழுதியிருக்கிறாள் பாருங்கள் என்கிறார். அன்று விசாரிக்காமல்தான் எழுதினேன் என்று நானும் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். உங்களில் சிலர் போன் செய்து, வேலைக்கு வேட்டு வைத்துக்கொள்ளாதே, செத்தவள் மானத்தை வாங்காதே என்றீர்கள். வேலை போனால் போகட்டும். மானம் போக வேண்டியது அவளுக்கு அல்ல.

அவளுடைய சிரித்த முகம் என்றும் என் நினைவில் இருக்கும் என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த முகம் வரமாட்டேன் என்கிறது. வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்த வாணிதான் என்னோடு இருக்கிறாள். நான் எழுதி முடித்துப் பதிவேட்டை மூடிய பிறகும், அவள் உடனே எழுந்து போகவில்லை.